மனுதாரர் தரப்பு பென் டிரைவ்

தக்கலையில் மூன்று நாளாக மழை.
ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
ரப்பர் ஷீட் ஏற்றிய டெம்போ ஒன்று
சேற்றில் மாட்டி முக்குகிறது.
இந்தப் பக்கம் நான்
இயர்போன் மாட்டிக்கொண்டு
இன்னொருவன் மனைவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தொரு பதிவுகள்.
வெள்ளிக்கிழமை பத்மநாபபுரம் கோர்ட்டில் வாய்தா.
கட்சிக்காரர் லிபின்ராஜ்,
கருங்கல் சந்தைப் பக்கம் செல்போன் கடை.
பிறந்தநாளுக்கு ஷெர்லினுக்குப் புதுப்போன் கொடுத்தார்,
உள்ளே ஒரு காதையும் வைத்துக் கொடுத்தார்.
"எனக்க பெண்டாட்டிதானே சார், இதில என்ன குத்தம்?"
கேட்டபோது அவர் முகத்தில்
கள்ளம் எதுவும் இல்லை.

எங்கிருந்து வரும் கள்ளம்?
இருபது வயதில் நாகர்கோவில் தியேட்டரில்
கதாநாயகன் அவளுடைய டைரியைத் திருடிப் படித்தபோது
விசிலடித்தவன் நான்.
அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து
போனைத் துழாவியபோதும் அடித்தேன்.
அடுத்த காட்சியில் அவள் சிரிப்பாள், பாட்டு வரும்.
எந்தப் படத்திலும் அவள் வழக்குப் போட்டதில்லை.
இப்போது வீட்டு டிவியில்
நூறு கேமராவுக்குள் பூட்டப்பட்டவர்களின் அழுகைக்கு
மகள் ஓட்டுப் போடுகிறாள்.
நேற்று ஒரு ஓட்டு என்னுடையது.

காலையில் மறுபடி தீர்ப்புகள்.
ஒன்பது நீதிபதிகள், ஐநூற்று நாற்பத்தேழு பக்கம்:
தனியுரிமை அடிப்படை உரிமை.
மதுரைக் கிளை சொன்னது,
மோதிரம் மாட்டியவனும்
தட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்கிற மாதிரி.
பிறகு டெல்லி சொன்னது,
உளவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டால்
அந்தக் கல்யாணம் முன்பே உடைந்ததுதான்,
பதிவைக் கொண்டு வா, கேட்போம் என்கிற மாதிரி.
டெல்லி எங்கள் பக்கம்.
அந்தப் பத்திக்கு மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன்.

இந்த மண்ணில்
அந்த உரிமைக்குப் பெயர் கிடைக்க
நூற்றைம்பது வருடம் முன்பே
ஒரு முழத் தோள்சீலைக்காகச் சந்தையில் அடிபட்டு
கிழிந்த துணியை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்ட பெண்கள்
இருந்தார்கள்.
அவர்களை மேற்கோள் காட்ட முடியாது.
தீர்ப்பு எண் இல்லை, பக்க எண் இல்லை.
இருந்தாலும் காட்டியிருக்கமாட்டேன்,
எதிர்த்தரப்புக்கு உதவும்.

பதிவுகளில் என்ன இருக்கிறதென்று கேட்பீர்கள்.
நீங்கள் நினைக்கிறது இல்லை.
நூறு ரூபாய்க்குச் சாளை எத்தனை,
அக்காவின் முட்டுவலி,
கொல்லாங்கொட்டை பாக்டரியில் மேஸ்திரி சொன்ன கெட்ட வார்த்தை.
பதினெட்டாவதில்
இரண்டு பெண்கள் எதுவும் பேசாமல்
நான்கு நிமிடம் மழையைக் கேட்கிறார்கள்.
அதுவரை ஒழுங்காகக் குறிப்பெடுத்தவன்
அங்கே பேனாவை வைத்தேன்.
மழை எந்தச் சட்டப் பிரிவில் வரும்?

முப்பத்தேழாவதில்
மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
யாரும் எடுக்கவில்லை.
அவள் வாயை போனுக்குக் கிட்டே கொண்டுவந்து
பைய,
"கேக்கியளா?" என்கிறாள்.
"கேளுங்க."
பிறகு ஒன்றரை நிமிடம் வெறும் மூச்சு.

இயர்போனைப் பிடுங்கிப் போட்டேன்.
ஒரு கட்டன் சாயா குடித்தேன்.
திரும்ப வந்து மாட்டிக்கொண்டேன்.
மூச்சு முடிகிறவரை கேட்டேன்.

டெம்போ எப்படியோ ஏறிப் போய்விட்டது.
குமாஸ்தா சான்றிதழை நீட்டுகிறார்,
பழைய சட்டத்தில் அறுபத்தைந்து பி,
புதியதில் அறுபத்து மூன்று.
தேதி, நேரம், கருவியின் எண்.
கேட்கலாமா என்று அதில் ஒரு வரியும் இல்லை.
வராந்தாவில் குடையோடு நின்றிருந்த லிபின்ராஜ்
உள்ளே வந்து, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
கையெழுத்துப் போடுகிறார்:
பதிவான நேரத்தில்
கருவி சரியாக இயங்கியது.